கல் குவாரியில் கடல் தேடியவர்கள்

கல்கத்தாக்காரர்களைப் பொறுத்தவரை விந்திய மலைக்குத் தெற்கே பிறந்தவர்கள் எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மங்களூர்க்காரி வீட்டில் மதுரைச் சாம்பார் கொதிக்கும், திருவனந்தபுரத்துக்காரனுக்கு விஜயவாடாவில் சித்தப்பா இருப்பார், இவர்கள் எல்லாரும் தங்களுக்குள் 'மெட்ராஸி' என்ற ஒரே பாஷையில் பேசிக்கொள்வார்கள். வந்த புதிதில் இதை மறுத்துப் பேசினேன். ஆபீஸில் மறுத்தேன், மினி பஸ்ஸில் மறுத்தேன், மீன் கடையில் கூட மறுத்தேன் (நான் மீன் வாங்கியதே அவர்களுக்கு ஆச்சரியம், அது வேறு கதை). போகப் போக வாய் வலித்தது. யார் என்ன கேட்டாலும் "ஆமாம் தாதா" (அண்ணா என்று அர்த்தம்) என்று சொல்லிவிட்டு நகரப் பழகிக்கொண்டேன். அந்த அலுப்புதான் என்னை ஆந்திராவில் ஒரு மொட்டை மலை உச்சிக்கு சைக்கிளில் கொண்டுபோய் நிறுத்தியது.

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் மாற்றலாகி வந்து, டாக்குரியாவில் வாடகைக்குக் குடியிருப்பவன். மனைவி வித்யா இதே கல்கத்தாவில் பாலிகஞ்சிலேயே வளர்ந்தவள், அவள் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். வித்யாவுக்கு வீட்டில் தமிழ், எரிச்சல் வந்தால் வங்காளம். என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். 'நீங்க' என்று மரியாதை வந்துவிட்டால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே ஒரு சுற்றுப் போய் வருவது நல்லது.

எங்கள் எதிர் வீட்டில் தபன்தா. பேங்க்கிலிருந்து ஓய்வு பெற்றவர். என் மாமனாரின் பழைய சிநேகிதர், எங்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தவரும் அவர்தான். வித்யாவுக்கு அவர் 'தபன் காக்கு', அதாவது சித்தப்பா. எனக்கு 'தபன்தா', அண்ணன். இந்தக் கணக்கில் எனக்கும் வித்யாவுக்கும் என்ன முறை வருகிறது என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். அவர்கள் இரண்டு பேரும் இன்னொரு டீ ஊற்றிக்கொண்டார்கள்.

தபன்தா வாழ்நாள் முழுக்க சைக்கிள் ஓட்டியவர். தீகா கடற்கரை வரை போயிருக்கிறார், முர்ஷிதாபாத் போயிருக்கிறார், எல்லாம் தோசைக்கல் போல தட்டையான சாலைகள். அந்த வருடம் அவருடைய வலது முழங்காலில் ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். அதற்குப் பிறகு தூரப் பயணம் கிடையாது, தெருமுனைக்குப் போய் சிகரெட் வாங்கலாம், அதையும் வாங்காமலிருப்பது உத்தமம் என்று சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தபன்தா எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"கடலை நான் நிறையப் பாத்தாச்சு. எல்லாம் கீழேயிருந்து பாத்தது," என்றார். "ஒரு தடவை மேலேயிருந்து பாக்கணும். பாறை மேல நின்னு, காலுக்குக் கீழே கடலை. அதுவும் நானே பெடல் மிதிச்சு ஏறிப் போய்ப் பாக்கணும். பஸ்ல போய்ப் பாத்தா அது பாத்த கணக்குல வராது."

(தபன்தா பேசியதெல்லாம் வங்காளத்தில். நான்தான் தமிழில் தருகிறேன். என் மொழிபெயர்ப்புத் திறமையைப் பற்றிக் கீழே விவரமாக வரும், அதுவரை நம்பி வாருங்கள்.)

விசாகப்பட்டினத்திலிருந்து வடக்கே பீமிலி வழியாகக் கடலை ஒட்டிப் போகும் சாலையை அவர் பல வருடமாக மனசில் வைத்திருந்தார். ஒரு பக்கம் குன்று, ஒரு பக்கம் கடல், நடுவில் ஏறி இறங்கும் சாலை, பீமிலி தாண்டினால் முந்திரித் தோப்பும் பனைமரமும். அதற்கும் அப்பால் ஒரு இடத்தில் செம்பாறை கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது, அதன் உச்சி வரை சாலை போகிறது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். வித்யா அப்போதே லீவு போடத் தயாராகிவிட்டாள், அவள் என்னைவிட நன்றாக சைக்கிள் ஓட்டுவாள். தபன்தா என் பக்கம் திரும்பினார்.

"ஷுந்தோர், நீதான் லீடர். அது உங்க ஊர்ப் பக்கம். உனக்கு பாஷை தெரியும், மலை தெரியும்."

என் பெயர் சுந்தரம். எனக்கு அந்தப் பாஷையில் ஒரு எழுத்து கூடத் தெரியாது. மலைக்கும் எனக்கும் உள்ள உறவு, சின்ன வயதில் வேனில் குற்றாலம் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்ததோடு சரி. இதை அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். ஆனால் தென்காசி எங்கே, விசாகப்பட்டினம் எங்கே என்று சுவரில் காலண்டரைத் திருப்பி வைத்துப் படம் வரைந்து விளக்க எனக்குத் தெம்பு இல்லை. தவிர, கல்கத்தா வந்து இத்தனை வருடத்தில் என்னை யாரும் எதற்கும் லீடர் என்று சொன்னதில்லை.

"ஆமாம் தாதா," என்றேன். "நா பாத்துக்கிடுதேன்."

வித்யா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவர் போனதும், "உனக்குத் தெலுங்கு தெரியுமா?" என்றாள்.

"கேட்டா புரியும். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"த்யாத்!" என்றாள். அது வங்காளத்தில் 'சீ, போ'வுக்குச் சமம்.

பயிற்சி எங்கே எடுப்பது என்ற கேள்வி வந்தது. கல்கத்தாவில் மேடு என்று எதுவும் கிடையாது. பெரிய மேம்பாலங்களில் சைக்கிளை விடமாட்டார்கள். மிச்சமிருந்தது, ரயில் பாதைக்கு மேலே போகும் எங்கள் டாக்குரியா பிரிட்ஜ். விடிந்ததும் மூவரும் அதில் ஏறுவோம், இறங்குவோம், திரும்பி ஏறுவோம். கீழே லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் எங்களை அண்ணாந்து பார்ப்பார்கள். ஒரு மாதம் கழித்து தபன்தா பாலத்தின் உச்சியில் நின்று மார்பைத் தட்டி, "மலைக்கு நாம தயார்," என்று அறிவித்தார். நானும் நம்பினேன். பாலம் ஏறும்போது எனக்கு மூச்சு வாங்குவது நின்றிருந்தது.

லீடர் என்றால் முன்னால் போகிறவன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர்கள் பாடாவின் (தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள்) வழக்கப்படி பொதுச் சாமானைச் சுமப்பவன்தான் லீடர் என்பது ஹவுரா ஸ்டேஷனில் தெரிந்தது. தபன்தாவின் மனைவி கட்டிக் கொடுத்த மூட்டையில் ஒரு டின் பொரி, சானாச்சூர் என்கிற வங்காள மிக்சர், வெந்நீர் பிளாஸ்க், ஹோமியோபதி மருந்துப் பெட்டி, மழைக்கு ஒரு தார்ப்பாய், குளிருக்கு மூன்று மங்கி தொப்பி எல்லாம் இருந்தன. நாங்கள் போனது பிப்ரவரிக் கடைசி, ஆந்திரக் கடற்கரைக்கு. தொப்பி எதற்கு என்று கேட்டேன். "கடல் காத்து," என்றார் தபன்தா, அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்ற குரலில்.

முதல் நாள் விசாகப்பட்டினத்திலிருந்து பீமிலி வரை நன்றாகத்தான் போனது. 'நன்றாக' என்றால், யாரும் சாகவில்லை. டாக்குரியா பிரிட்ஜில் ஏறினால் உடனே இறக்கம் வரும், இங்கே ஏறினால் இன்னும் ஏற வேண்டியிருந்தது. என் சைக்கிளில் கியர்கள் இருந்தன. கல்கத்தாவில் அவற்றை மாற்ற வேண்டிய அவசியமே வந்ததில்லை, இங்கே மாற்றும்போதெல்லாம் செயின் கழன்றது. கை முழுக்க கிரீஸ், முதுகுக்குப் பின்னால் பொரி டின் தடதடவென்று தாளம் போட்டது. தபன்தாவோ ஒவ்வொரு வளைவிலும் கடலைப் பார்த்து, "இது இல்ல, இன்னும் உயரம் வேணும்," என்று சொல்லிக்கொண்டே மிதித்தார். முழங்காலில் கட்டுப் போட்டிருந்தார். வலிக்கிறதா என்று கேட்டால் விசில் அடித்தார்.

இரண்டாம் நாள் காலையில்தான் என் தலைமைக்குச் சோதனை வந்தது. பீமிலி தாண்டி ஒரு கிராமத்தில் கடற்கரைச் சாலையில் சின்னப் பாலம் ஒன்று கட்டுவதற்காகத் தோண்டிப் போட்டு, குறுக்கே கட்டையைப் போட்டு அடைத்திருந்தார்கள். தபன்தாவும் வித்யாவும் வேப்பமர நிழலில் நின்றுகொண்டார்கள். லீடர் விசாரித்து வர வேண்டும். கொஞ்சம் தள்ளி ஒரு தொப்பைக்காரர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, தலைச்சுமைக்காரியிடம் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் போனேன்.

"கடல்... ரோடு... எப்படிப் போகணும்?" என்று தமிழை மெதுவாக, சத்தமாகக் கேட்டேன். மெதுவாகவும் சத்தமாகவும் பேசினால் தமிழ் தெலுங்காகிவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

அவர் ரொம்ப நல்ல மனிதர். கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு நீளமாகப் பதில் சொன்னார். இடது கையைக் காட்டினார், வலது கையைக் காட்டினார், தூரத்தில் தெரிந்த குன்றைக் காட்டிக் கையைப் பலமாக ஆட்டினார். நான் தலையாட்டினேன். அவர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். நான் இன்னும் அழுத்தமாகத் தலையாட்டினேன். எனக்குப் பின்னால் இரண்டு ஜோடிக் கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது முதுகில் தெரிந்தது. மூன்றாவது தடவை அவர் சொல்லி முடித்தபோது நான் அவருக்கு முன்னாலேயே தலையாட்டி முடித்திருந்தேன்.

"என்ன சொன்னார்?" என்றாள் வித்யா.

"அந்தக் குன்று மேல ஒரு ரோடு போவுதாம். ஏறி அந்தப் பக்கம் இறங்குனா நேரா கடல்தானாம். மேலேருந்து பாத்தாலே கடல் தெரியுமாம்." (கடைசி வாக்கியத்தை தபன்தாவுக்காகச் சேர்த்தேன். கற்பனை வந்தால் நிற்காது.)

வித்யா போனைப் பார்த்தாள். "மேப்ல அந்த ரோடு மேல போய் நின்னுடுதே."

"மேப் ஆயிரம் காட்டும். அவரு உள்ளூர்க்காரரு."

"லீடர் இருக்கும்போது மேப் எதுக்கு?" என்று தபன்தா சைக்கிளில் ஏறி, "சோலோ, சோலோ!" (போகலாம், போகலாம்) என்று எங்களைக் கிளப்பினார். தன் வாழ்க்கையில் இவ்வளவு உயரமான சாலையை அவர் மிதித்ததில்லை, முகமெல்லாம் பிரகாசம்.

அந்த ஏற்றத்தைப் பற்றி எழுதும்போது இப்போதும் எனக்குத் தொடை வலிக்கிறது. சாலை என்பது லாரிகள் உடைத்துப் போட்ட ஜல்லி. நிழலுக்கு ஒரு செடி கிடையாது. சூரியன் மண்டையில் உட்கார்ந்துகொண்டது. செயின் கழன்றது, மாட்டினேன், கழன்றது. கொஞ்ச தூரத்துக்கு அப்புறம் நான் மிதிக்கவில்லை, தள்ளினேன். இன்னும் கொஞ்ச தூரத்துக்கு அப்புறம் தள்ளவில்லை, சைக்கிள் மேல் சாய்ந்துகொண்டு அதுவாக நகருமா என்று பார்த்தேன். வித்யாவும் இறங்கித் தள்ளினாள். தபன்தா மட்டும் இறங்கவில்லை. வலது காலை மெல்ல, இடது காலை வேகமாக, நொண்டி நொண்டி மிதித்து மேலே போனார்.

உச்சியில் ஒரு கல் குவாரி இருந்தது.

சாலை அதன் விளிம்பில் வந்து முடிந்துவிட்டது. பெரிய பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர், தண்ணீரில் மூன்று எருமைகள். எதிரே மலையைப் பாதி தின்று வைத்திருந்தார்கள், கடல் இருந்தால் அந்த மிச்சப் பாதிக்கு அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும். தபன்தா விளிம்பில் சைக்கிளைப் பிடித்தபடி நின்று எருமைகளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஷுந்தோர்," என்றார். "கடல் எங்கே?"

நான் குனிந்து செயினைப் பார்த்தேன். அவர் ஒரு பாறையில் உட்கார்ந்து, காலில் கட்டியிருந்ததை அவிழ்த்தார். முழங்கால் வீங்கி பளபளவென்று இருந்தது. வித்யா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்க," என்று ஆரம்பித்தாள். மேலே சொல்லாமல் ஹோமியோபதிப் பெட்டியைத் திறந்து உருண்டைகளைத் தேட ஆரம்பித்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த மனிதருக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே ஒரு மலையை நான் எருமை மாட்டுக் குளத்தில் கொண்டுபோய் முடித்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

அப்போது கீழேயிருந்து ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கத்தரிக்காய்க்காரர்தான். பை முன்னால் தொங்க, தூசி கிளப்பிக்கொண்டு மேலே வந்து நிறுத்தினார். தபன்தாவைப் பார்த்ததும் தெள்ளத் தெளிவான வங்காளத்தில், "தாதா, இங்க எதுக்கு ஏறினீங்க?" என்றார்.

தபன்தா ஒரு நிமிடம் முழங்காலை மறந்துவிட்டார். "நீங்க வங்காளியா?"

"தெலுங்குதான். பேரு அப்பாராவ். கரக்பூர்ல ரயில்வேல இருந்தேன், முழு சர்வீஸும் அங்கதான். நீங்க 'சோலோ சோலோ'ன்னு கத்திட்டுப் போனதைக் கேட்டேன். அப்புறம் பாத்தா மூணு சைக்கிளும் குவாரி ரோட்ல ஏறுது." என் பக்கம் கையை நீட்டினார். "இவர்கிட்ட மூணு தடவை சொன்னேன் தாதா. இடது பக்கம் தோப்பு வழியா போங்க, அந்தக் குன்று மேல மட்டும் ஏறாதீங்க, அது குவாரின்னு. ஒவ்வொரு தடவையும் தலையாட்டினார். ரொம்ப நல்லாத் தலையாட்டினார்."

ஒரு எருமை மூச்சு விட்டது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"தெலுங்கு எனக்குத் தெரியாது தாதா," என்றேன்.

தபன்தா கோபப்படவில்லை. உண்மையாகவே குழம்பிப் போனார். "தெரியாதா? அப்போ நீயும் வித்யாவும் வீட்ல பேசுறது என்ன?"

"தமிழ்."

"அது வேற, இது வேறயா?" அப்பாராவைப் பார்த்தார். அவர் வருத்தத்தோடு ஆமாம் என்றார். அறுபது வருடத்துப் பூகோளம் அந்த இடத்தில் இடிந்து விழுவதை நான் கண்ணால் பார்த்தேன்.

வித்யா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "கடல் மேலேருந்து தெரியும்னு அவர் சொன்னாருன்னு நீங்க சொன்னீங்களே. அதை எங்கேருந்து எடுத்தீங்க?" நான் பொரி டின்னைத் தூக்கிக்கொண்டு இறங்க ஆரம்பித்தேன்.

அப்பாராவ் எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவர் மனைவி தபன்தாவின் காலுக்கு ஐஸ் வைத்துக் கட்டினார். பிறகு தபன்தாவும் அப்பாராவும் பொரியைக் கடுகெண்ணெயில் பிசைந்து தின்றுகொண்டு, கரக்பூரில் எந்தக் கடையில் எந்த மீன் நன்றாக இருக்கும் என்று மத்தியானம் முழுக்கப் பேசினார்கள். நான் வாசலில் உட்கார்ந்து செயினை மாட்டினேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. தமிழ், தெலுங்கு, வங்காளம் மூன்றிலும் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

வெயில் சாய்ந்ததும் அப்பாராவ், "செம்பாறை பக்கந்தான், ஸ்கூட்டர்ல கொண்டு விடறேன்," என்றார். தபன்தா முடியாது என்று தலையசைத்தார். "அது பாத்த கணக்குல வராது." ஆனால் எழுந்து நின்றவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காலோடு ஏற்றத்தில் மிதிக்க முடியாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

நான் என் சைக்கிளை அப்பாராவ் வீட்டுத் திண்ணையோரம் சாத்தினேன். மூட்டையை வித்யா தன் சைக்கிளில் கட்டிக்கொண்டாள். தபன்தாவை அவருடைய சைக்கிளில் உட்காரவைத்து, அவர் முதுகில் கையை வைத்து ஓட ஆரம்பித்தேன்.

தோப்பு வழியாக, முந்திரி மரங்களுக்கு நடுவே, பிறகு செம்மண் ஏற்றம். அவர் இடது காலால் மிதித்தார், நான் இரண்டு காலாலும் ஓடினேன். நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. கை மரத்துப் போனது. நான் கை மாற்றும்போதெல்லாம் அவர், "லீடர், பிரிட்ஜ் உச்சி வந்துடுச்சு, இன்னும் கொஞ்சம்," என்று எனக்குத் தைரியம் சொன்னார். வித்யா பக்கத்தில் வந்துகொண்டிருந்தாள். "விடாத, தள்ளு," என்றாள். 'விடாதீங்க' இல்லை, 'விடாத' என்றாள் என்பதைக் கவனித்தேன். அந்த நிலைமையிலும் அது எனக்கு ஒரு சந்தோஷம்.

சாலை முடிந்தது. இந்தத் தடவை எருமைகள் இல்லை. சிவப்புப் பாறை செங்குத்தாகக் கீழே இறங்கியது, அதன் காலடியில் கடல் வந்து வந்து மோதியது. பறவைகள் எங்களுக்குக் கீழே பறந்தன. தபன்தா சைக்கிளிலிருந்து இறங்காமலே, ஒரு காலை ஊன்றிக்கொண்டு பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. (மூச்சு வாங்குகிறது என்று வித்யாவிடம் சொன்னேன்.)

ரொம்ப நேரம் கழித்து தபன்தா பெருமூச்சு விட்டார். "டாக்குரியா பிரிட்ஜ் மாதிரியேதான் இருக்கு," என்றார். "கீழே ரயில் மட்டும் இல்ல." பிறகு மங்கி தொப்பியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். கடல் காத்து.

அதெல்லாம் முடிந்து ஏழெட்டு வருடங்கள் ஆகின்றன. வீட்டில் என் தலையாட்டலுக்கு மதிப்பு போய்விட்டது. காளிகாட் சந்தில் யாரிடமாவது வழி கேட்டால், எனக்கு நன்றாகவே புரிகிற வங்காளத்தில் அவர்கள் சொன்னாலும், "என்ன சொன்னார், திருப்பிச் சொல்லு," என்பாள் வித்யா. எங்கள் மகளுக்குத் தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்த கதை, ஆனால் நான் எதற்குத் தலையாட்டினாலும், "பாபா, நெஜமா புரிஞ்சுதா?" என்று அவள்தான் முதலில் கேட்கிறாள்.

தபன்தாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சைக்கிளை விற்றுவிட்டார். தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், காலையில் நாங்கள் இரண்டு பேரும் டாக்குரியா பிரிட்ஜில் மெல்ல ஏறுகிறோம். உச்சிக்கு வந்ததும் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே லோக்கல் ரயில் போகும். அது போய் முடிந்ததும் என் பக்கம் திரும்பி, தினமும் கேட்பதைக் கேட்பார்:

"லீடர், கடல் எந்தப் பக்கம்?"

நான் வடக்கே கரியாஹாட் பக்கம் கையைக் காட்டுவேன். அவர் அதற்கு நேர் எதிர்ப் பக்கம் திரும்பி நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் பார்ப்பார்.